அப்டேட்டை நிறுத்திவிட்டால் தொந்தரவு தீருமா? செம்பூர் நேயரின் சந்தேகம்

அடுத்த கேள்வி செம்பூரிலிருந்து. பணி ஓய்வு பெற்ற ஒரு சார் கேட்டிருக்கிறார். வீட்டுக் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகப் போகிறது என்று லேமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். திருப்பித் தரும்போது கடைக்காரர், "அப்டேட் எல்லாத்தையும் நிறுத்திட்டேன், இனிமே தொந்தரவு இருக்காது, ஆன்ட்டி வைரஸ் போட்டிருக்கேன், அது போதும்" என்றாராம். நெட் பேங்கிங், ஷேர் கணக்கு எல்லாம் அந்த மெஷினில்தான். அது போதுமா என்று கேட்கிறார்.

போதாது சார். ஆனால் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. பழைய ஹார்டு டிஸ்க் உள்ள மெஷினில் பின்னால் அப்டேட் ஓடினால், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற இடத்தில் நூறு சதவீதம் காட்டும், மவுஸ்கூட நகராது. அதற்கு மருந்து, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்கை மாற்றுவது. அப்டேட்டை நிறுத்துவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், அப்டேட் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணி, நமக்கு ராத்திரி பத்தரை அல்லது பதினொன்றரை. வெளியான உடனே அதை நாம் மட்டுமா எடுக்கிறோம்? திருடனும் எடுக்கிறான். பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் வைத்து எந்த இடம் மாறியிருக்கிறது என்று பார்க்கிறான். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். செவ்வாய் வரை யாரோ நாலு பேருக்குத் தெரிந்த ரகசியம், புதன்கிழமை ஊருக்கே தெரிந்த சங்கதி. அப்டேட் போடாத மெஷினுக்கு அன்றிலிருந்துதான் ஆபத்து கூடுகிறது.

2017-ல் இதுதான் நடந்தது. விண்டோஸில் ஃபைல் பகிரும் பகுதியில் இருந்த ஒரு ஓட்டைக்கு மார்ச் 14 அன்றே திருத்தம் வந்துவிட்டது. மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற வைரஸ் பரவி, பிரிட்டனில் மருத்துவமனைகள்வரை முடங்கின. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம் இருந்தும் பலர் அந்தத் திருத்தத்தைப் போடவில்லை. சரி, அது எங்கோ நடந்தது என்கிறீர்களா? ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற இன்னொரு வைரஸ் வந்தது. மும்பைக்குப் பக்கத்தில் நம் நவசேவாவில், ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் நடத்திய முனையத்தில் கம்ப்யூட்டர்கள் முடங்கி, கன்டெய்னர் வேலை நின்றுபோனது. அது திருடிய கடவுச்சொற்களை வைத்தும் பரவியது, அதே பழைய ஓட்டை வழியாகவும் பரவியது. திருத்தம் வந்து மூன்றரை மாதம் ஆகியிருந்தது.

இங்கே விவரம் தெரிந்த யாராவது மடக்குவீர்கள். நாட்பெட்யா முதலில் கிளம்பியதே உக்ரைனில் புழங்கிய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட்டுக்குள் ஒளிந்துதானே என்று. உண்மைதான், மறைக்க மாட்டேன். அப்டேட்டிலேயே விஷம் வைப்பதும் நடக்கிறது. ஆனால் அது அபூர்வம். அடைக்காத ஓட்டையில் நுழைவது அன்றாடம். பயமாக இருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் போடுங்கள், நானே சில நேரம் அப்படித்தான் செய்கிறேன். மாதக்கணக்கில் தள்ளாதீர்கள்.

ஆன்ட்டி வைரஸ் பற்றி ஒரு வார்த்தை. வானாக்ரை பரவ யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை, நெட்வொர்க் வழியாகவே ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அதனால் ஓட்டையை அடைக்காமல் ஆன்ட்டி வைரஸை மட்டும் நம்பக் கூடாது. கடைக்காரர் போட்டது ஒரு வருட லைசென்ஸா என்றும் பாருங்கள். காலாவதியானால் ஐகான் மட்டும் மூலையில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் போங்கள். நிறுத்தி வைத்ததாகக் காட்டினால், அங்கேயே மறுபடி தொடங்கும் பட்டன் இருக்கும். அது வேலை செய்யவில்லையா, ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, விண்டோஸ் அப்டேட்டை இரண்டு முறை தட்டி, டிசேபிள்டு என்று இருந்தால் மேனுவல் என்று மாற்றி ஸ்டார்ட் கொடுங்கள். ரொம்ப நாள் பாக்கி என்பதால் முதல் தடவை மணிக்கணக்கில் ஓடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள், நடுவில் மட்டும் அணைக்காதீர்கள். மாற்றி வைத்தது நாலு நாளில் தானாகவே மறுபடி டிசேபிள்டு ஆனால், உள்ளே ஏதோ ஒரு புரோகிராம் அந்த வேலையைச் செய்கிறது. அது பெரும்பாலும் திருட்டு விண்டோஸை ஏமாற்றி ஓட வைக்கிற ஆக்டிவேட்டராக இருக்கும். அந்த மெஷினில் நெட் பேங்கிங் வேண்டவே வேண்டாம் சார். ஃபைல்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, முழுக்க அழித்து ஒரிஜினல் விண்டோஸ் போடுங்கள்.

விண்டோஸ் 10 என்றால் இன்னொரு சிக்கல். அதற்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தன. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்று கொடுத்தார்கள், அதில் நாமாகப் பதிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 11-க்கு மாற, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புராசஸராவது இருக்க வேண்டும்.

அப்புறம், விண்டோஸ் அப்டேட் எல்லா மென்பொருளையும் கவனிக்காது. ஃபைல்களைச் சுருக்கி வைக்கவும் பிரிக்கவும் பயன்படும் வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. 2023-ல் அதிலிருந்த ஓட்டையைத் திருடர்கள் ஷேர், கிரிப்டோ வர்த்தகம் செய்கிறவர்களைக் குறிவைத்தே பயன்படுத்தினார்கள். படம் என்று நினைத்துத் திறந்தால் உள்ளே வேறு ஏதோ ஓடும். 6.23 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். உங்களிடம் எந்தப் பதிப்பு என்று பாருங்கள், எட்டு வருடப் பழசாக இருந்தால்கூட ஆச்சரியப்பட மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. ஏதோ ஒரு வெப்சைட்டைப் படிக்கும்போது நடுவில் "உங்கள் குரோம் பழசாகிவிட்டது, இங்கே டவுன்லோடு செய்யுங்கள்" என்று வந்தால் தொடவே தொடாதீர்கள். நிஜமான குரோம் அப்டேட் பக்கத்துக்குள் வராது. மேலே வலது மூலையில், மூன்று புள்ளிகள் இருக்கிற இடத்தில்தான் காட்டும்.

சார், ஸ்டார்ட்டில் வின்வர் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் இருக்கிற பதிப்பு எண்ணை எழுதி அனுப்புங்கள், உங்கள் மெஷின் எதில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். சரி, அடுத்த கேள்வி.