பேய்க்கரும்பும் பருத்திப் புழுவும்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய நண்பர், ஒரு செடியின் பூவோடு இன்னொன்றின் மகரந்தத்தைச் சேர்த்து ஒட்டு ரகம் உண்டாக்குவது இயற்கை, மரபணுவை மாற்றுவது செயற்கை என்று நடுவில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனார். கைதட்டலும் பலமாகவே இருந்தது. அந்தக் கோடு எங்கே போகிறது என்று கரும்புக் காட்டில் கொஞ்சம் நடந்து பார்ப்போம்.

கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1912-இல். அப்போது வட இந்தியாவில் விளைந்த கரும்பு ஒல்லிக் குச்சிதான். நம் பக்கத்துத் தடித்த கரும்போ அந்தக் குளிரில் நிற்காது. அந்த நிலையத்து விஞ்ஞானிகள் சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் என்ன செய்தார்கள் தெரியுமா? ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பின் பூவோடு, வாய்க்கால் ஓரத்தில் தானாகக் கிளம்பும் காட்டுக் கரும்பின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். பார்த்தால் நாணல் மாதிரி இருக்கும். வெட்டிப் போடத்தான் நினைப்போம். பேய்க்கரும்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். பட்டினத்தார் கையில் இருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்ததாம்; கோவையில் இனித்த பேய்க்கரும்பின் பெயர் கோ 205. 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது.

இரண்டும் வேறு வேறு இனம். மனிதன் பார்த்து முடித்து வைத்த கல்யாணம் அது. ஆயிரக்கணக்கான மரபணுக்கள் கலந்தன. எது எங்கே போய் உட்கார்ந்தது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நாற்றுகளை நட்டு, ஆகாததைக் கழித்து, தேறியதைப் பொறுக்கினார்கள். பாரம்பரிய முறையின் உயிரே இந்தப் பொறுக்குவதில்தான் இருக்கிறது.

பி.டி. பருத்தி அப்படி வந்ததல்ல. நண்பர் சொன்னதில் இது நியாயம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்தியில் ஏற்றினார்கள். அதனால் செடியில் உண்டாகும் புரதம் காய்ப்புழுவின் குடலைப் பொத்தலாக்கிவிடும். நூறு வருடம் பொறுக்கினாலும் பாக்டீரியாவுக்கும் பருத்திக்கும் சம்பந்தம் பேச முடியாது. இந்தியாவில் அனுமதி கிடைத்தது 2002 மார்ச்சில். மருந்து அடித்து அடித்து ஓய்ந்துபோயிருந்தவர்களுக்கு முதல் சில வருடங்கள் உண்மையாகவே நிம்மதி. அதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.

அப்புறம் வந்தது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. 2010 வாக்கில் குஜராத்தில் முதல் மரபணுவை ஜெயித்தது. இரண்டாவது மரபணு சேர்த்த பருத்தியையும் சில வருடங்களில் தின்று செரித்தது. ஊர் முழுக்க ஒரே விஷம் என்றால், தாங்கிப் பிழைத்த புழு தன்னைப் போன்ற புழுவோடுதானே சேரும்? விஷம் தாங்காத புழுவும் பிழைத்து அதோடு சேரட்டும் என்று, வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தி நடச் சொல்லி விதைப் பையோடு தனிப் பொட்டலமும் கொடுத்தார்கள். நட்டவர்கள் குறைவு. தன் காட்டில் புழுவுக்கு யார் தீனி வளர்ப்பார்? குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாருங்கள், கோவையில் மனிதன் செய்த அதே பொறுக்கும் வேலையை இங்கே பருத்தி வயலே புழுவுக்குச் செய்துவிட்டது!

இன்னொன்று. வருடா வருடம் விதை வாங்க வேண்டியிருப்பது மரபணு மாற்றத்தால் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அந்த மரபணுவைப் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்களில் ஏற்றித்தான் விற்றார்கள். ஒட்டு ரகத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறையில் குணம் பிரிந்துவிடும். பருத்தியில் அப்படிப்பட்ட ரகம் 1970-லேயே சூரத்தில் வந்தாயிற்று. ஆக, உழவரைக் கடை வாசலில் நிறுத்தியதில் பெரும்பங்கு, நண்பர் ‘இயற்கை’ என்றாரே, அந்த ஒட்டு ரகத்துக்குத்தான்.

2025 மே மாதம் மத்திய அரசு ‘கமலா’ என்றொரு நெல்லை அறிவித்தது. சம்பா மசூரியின் சொந்த மரபணுவையே திருத்தியிருக்கிறார்கள். வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. நண்பர் கிழித்த கோட்டில் அதை எந்தப் பக்கம் வைப்பது என்று அவரே சொல்லட்டும். விதைக்கடையில் அந்த மூட்டையைப் பார்த்தால் நான் முதலில் கேட்கப்போவது வேறு: “இதிலிருந்து விதைநெல் எடுத்து வைத்துக்கொள்ளலாமா?”

நன்றி, வணக்கம்.