எதுவரைக்கும், கர்த்தாவே?

நேயர்களுக்கு என் அன்பின் வணக்கம்.

பாவமறியாத பிள்ளை நோயில் கிடக்கிறது. ஊரை ஏமாற்றியவன் செழித்து வாழ்கிறான். "ஆண்டவர் நீதியுள்ளவர் என்கிறீர்களே, இதுதானா அவருடைய நீதி?" என்று கேட்பவரை அவிசுவாசி என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அப்படி ஒதுக்கப்பட்டவர்களை மனதில் வைத்தே இன்று ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்திருக்கிறேன். மூன்றே அதிகாரம்தான். ஒரே மூச்சில் வாசித்துவிடலாம்.

மற்ற தீர்க்கதரிசிகள் பெரும்பாலும் கடவுளுக்காக ஜனங்களிடம் பேசினார்கள். இவரோ கடவுளிடமே வழக்காடுகிறார். "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே!" என்றுதான் வாயைத் திறக்கிறார். அவருடைய நாடான யூதாவில் கொடுமை பெருகி, நியாயம் புரண்டு கிடந்த காலம் அது.

பதில் வந்தது. கல்தேயரை எழுப்பப்போகிறேன் என்கிறார் கர்த்தர். அதாவது, யூதாவின் அநியாயத்தைத் தண்டிக்க அதைவிடக் கொடிய பாபிலோன் படை! ஆபகூக் அதிர்ந்துபோகிறார். தீமையைப் பார்க்கமாட்டாத சுத்தக்கண்ணரே, துன்மார்க்கன் தன்னிலும் நீதிமானை விழுங்கும்போது நீர் ஏன் மௌனமாயிருக்கிறீர் என்று மறுபடியும் கேட்கிறார். கேட்டுவிட்டு விலகிப்போகவில்லை. காவல் அரணில் போய் நிற்கிறார், பதில் வரும்வரை. விசுவாசம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நிலைதான். நியாயம் கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் யாராவது இப்படி நின்று முறையிடுவார்களா?

இரண்டாம் பதில்: குறித்த காலம் உண்டு, தாமதித்தாலும் காத்திரு. இரத்தப்பழியால் பட்டணம் கட்டுகிறவனுக்கு ஐயோ. சுவரிலிருந்து கல் கூப்பிடும். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தன் பெயரைச் செங்கற்களில் முத்திரையாகப் பதித்துப் பாபிலோனைக் கட்டினான். அந்தச் செங்கற்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்த ராஜ்யம் இல்லை. கி.மு. 586-இல் அவன் படையால் யூதாவின் தலைநகரான எருசலேம் அழிந்தது, ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனார்கள். கி.மு. 539-இல் பாரசீக அரசன் கோரேசிடம் பாபிலோன் விழுந்தது.

இடையில் 47 ஆண்டுகள். அதை லேசாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஆலயம் எரிந்ததைக் கண்ணால் கண்டவர்களில் எத்தனையோ பேர் அந்நிய மண்ணிலேயே கண்மூடினார்கள். நீதி வந்தது, அவர்கள் அதைக் காணவில்லை. மரணத்துக்கு அப்பாலும் நியாயத்தீர்ப்பு உண்டென்று நாம் அறிக்கையிடுவது ஒப்புக்கு அல்ல. அது இல்லையென்றால் அவர்கள் கண்ணீருக்குப் பதிலே இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். துக்கவீட்டுக்குப் போய், "இது ஆண்டவர் உங்களுக்குக் கற்பிக்கும் பாடம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. விளக்கம் சொல்லத் தொடங்கியதும்தான் கெட்டது. கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது அந்த விளக்கக்காரர்கள்மேல். புலம்பித் தீர்த்த யோபுவையோ "என் தாசன்" என்றார்.

ஆபகூக்கின் கடைசிப் பாட்டு பலருக்கு மனப்பாடம்: அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன். அதற்கு முந்தின வசனத்தைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. குடல் குழம்புகிறது, உதடு துடிக்கிறது, எலும்பில் பெலன் இல்லை என்கிறார். அந்த நடுக்கத்தோடேதான் பாடுகிறார்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாருக்காவது இன்று அந்த நடுக்கம் இருந்தால், அது தீரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் ஆபகூக் முதல் அதிகாரத்தைத் திறந்து, உங்கள் சொந்த முறையீட்டையும் சேர்த்து, ஆண்டவர்முன் வாய்விட்டு வாசியுங்கள்.