பழைய பெறுபேறும் சட்டப் படிப்பும்

(களுவாஞ்சிகுடியில் உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சட்டத்தரணி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் குருமண்வெளித் துறையில் பாதைப் படகு ஏறி வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். கல்முனையிலிருந்தும் சிலர் வந்திருக்கிறீர்கள். திரும்பிப் போக நேரம் வேண்டும், அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் காணி வழக்கோடும் தாபரிப்பு (ஜீவனாம்ச) வழக்கோடும் வருகிற பெற்றோர், வந்த வேலை முடிந்து எழும்புகிற நேரத்தில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள். "சேர், மகளுக்குச் சட்டம் படிக்க ஆசை. ஆனால் ஓஎல்லில் கணக்குக்கு வெறும் எஸ், விஞ்ஞானம் டபிள்யூ. இனிச் சரிவருமா?" (ஓஎல் என்பது சாதாரண தரப் பரீட்சை; அதில் சீ என்றால் திறமைச் சித்தி, எஸ் சாதாரண சித்தி, டபிள்யூ சித்தியில்லை.) சரிவரும் என்றுதான் நான் சொல்வேன். ஆறுதலுக்குச் சொல்வதில்லை. சட்டம் படிக்கப் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வழியிலும் உங்கள் பெறுபேற்றுத் தாளில் வேறு வேறு இடத்தைத்தான் பார்க்கிறார்கள். எந்த இடத்தைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமலே நம் பிள்ளைகள் பதினாறு வயதில் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். அதைக் காணும்போது வயிறு எரிகிறது.

பெறுபேறு ஏன் குறைந்தது என்பதையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாரி தொடங்கினால் பள்ளிக்கூடத்துப் பாதை தண்ணீருக்குள் போய்விடும். 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சை தொடங்கிய வாரத்திலேயே வெள்ளத்தால் நாடு முழுக்க நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. அதற்கு முன்பு கொரோனா, அதற்குப் பிறகு 2022இல் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசை. தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலைக்குப் போக, தம்பி தங்கச்சிமாரைக் குளிப்பாட்டிச் சோறு கொடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் போன பெண் பிள்ளைகள் இந்த மண்டபத்திலும் இருப்பார்கள். வெட்டுக் காலத்தில் வயலில் நின்ற ஆண் பிள்ளைகளும் இருப்பார்கள். இதையெல்லாம் பரீட்சைத் திணைக்களத்தின் கணினி பார்க்காது. பெறுபேற்றுத் தாளில் ஒரு எழுத்துத்தான் வரும். அந்த எழுத்தை வைத்து "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் நாம்தான், வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும்.

சரி, வழிகளுக்கு வருவோம். முதலில் அரச பல்கலைக்கழகம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்ட பீடம் இருக்கிறது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் சட்டத்துறைகள் இருக்கின்றன. இவற்றுக்கு உங்களை எடுப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அதுவும் உயர்தர இசட் புள்ளியை வைத்து. இசட் புள்ளி என்றால், நீங்கள் எடுத்த பாடத்தில் அந்த வருடம் எழுதிய எல்லோரின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே நிற்கிறீர்கள் என்கிற கணக்கு. அந்தக் கணக்குக்குள் உங்கள் ஓஎல் கணக்கும் வராது, விஞ்ஞானமும் வராது. இதை இரண்டு தரம் சொல்லலாம், அவ்வளவு முக்கியம். ஓஎல்லில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளையும் மூன்று சீயோடு தப்பிப் பிழைத்து உயர்தரத்துக்கு வந்த பிள்ளையும் இசட் புள்ளிக்கு முன்னால் ஒரே கோட்டில் இருந்துதான் ஓடத் தொடங்குகிறார்கள்.

அப்புறம் மாவட்ட ஒதுக்கீடு. மாவட்ட அடிப்படையில் ஆள் எடுக்கிற கற்கைநெறிகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் மட்டக்களப்பும் இருக்கிறது, அம்பாறையும் இருக்கிறது. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். சட்டத்துக்கான வெட்டுப்புள்ளி உயரமானது. மூன்று எஸ்ஸோடு விண்ணப்பப் படிவம் நிரப்பினால் அது பேப்பரிலேயே நின்றுவிடும். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்தை மூன்று முறை எழுதலாம், ஒரு முறையின் புள்ளியைத்தான் எடுப்பார்கள். அதனால் முதல் முறை சறுக்கியவர்கள், எந்தப் பாடம் காலை வாரியது என்று பார்த்துத் திருப்பி எழுதுங்கள். எல்லா ரியூட்டரியிலும் போய்க் குந்துவதால் பலனில்லை. கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சட்டம் என்றும் நினைக்காதீர்கள், வர்த்தகப் பிரிவிலும் விஞ்ஞானப் பிரிவிலும் படித்தவர்கள் சட்டத்துக்குப் போகிறார்கள்.

இரண்டாவது வழி இலங்கைச் சட்டக் கல்லூரி. 1874இல் தொடங்கியது, கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. இங்கே இசட் புள்ளி என்ற பேச்சே இல்லை. உயர்தரத்தில் மூன்று பாடங்களில் சித்தி போதும், அது எஸ் ஆக இருந்தாலும் சித்திதான். ஓஎல்லில் அவர்கள் உற்றுப் பார்ப்பது இரண்டு இடங்களை: தாய்மொழியில் திறமைச் சித்தி, ஆங்கிலத்தில் திறமைச் சித்தி. இவை இருந்தால் நுழைவுப் பரீட்சை எழுதலாம். அதில் ஒரு வினாத்தாள் மொழி, மற்றது பொது அறிவும் நுண்ணறிவும். மொழி வினாத்தாளைத் தமிழில் எழுதலாம். போட்டி கடுமைதான், நாடு முழுவதிலுமிருந்து எழுதுவார்கள். ஆனால் பதினாறு வயதில் என்ன எடுத்தீர்கள் என்பதை அந்த மண்டபத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். வயது வந்தவர்கள், வேலை செய்கிறவர்கள், கிராம சேவகர்கள், ஆசிரியர்கள் எல்லாரும் வந்து எழுதுகிறார்கள். எத்தனை பாடம், எத்தனை அமர்வு என்ற விவரத்தை அந்தந்த வருட வர்த்தமானி அறிவித்தலை நீங்களே வாசித்து உறுதி செய்யுங்கள். சட்டம் படிக்கப் போகிறவர் அறிவித்தலை அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது சரியில்லை.

ஆங்கிலத்தில் எஸ் மட்டும் எடுத்தவர்கள் இப்போது முகம் வாடியிருப்பீர்கள். ஓஎல் ஆங்கிலத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுத முடியும். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தக் கூட்டத்தில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றே ஒன்றென்றால் அது இதுதான்: கணக்கை நினைத்து அழுகிற நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள். 1988இல் வந்த பதினாறாவது திருத்தத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ். மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் நீங்கள் தமிழில் வழக்குப் பேசலாம், பேசவும் வேண்டும், ஏனென்றால் கூண்டில் நிற்கிற ஆளுக்கு விளங்க வேண்டும். ஆனால் அந்த வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனால் அங்கே வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில். முன்தீர்ப்புகள் ஆங்கிலத்தில். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த ஓர் ஒழுங்குவிதி கொண்டு வந்தார்கள், 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. நல்லது. தாய்மொழியில் படிக்கிற உரிமையை நாம் விடக் கூடாது. அந்த உரிமை இருக்கிறது என்பதற்காக ஆங்கிலத்தை விடவும் கூடாது.

மூன்றாவது, திறந்த பல்கலைக்கழகம். அவர்களும் சட்டமாணிப் பட்டம் தருகிறார்கள், தெரிவுப் பரீட்சை வைத்து எடுக்கிறார்கள். மட்டக்களப்பிலேயே அவர்களுக்கு நிலையம் இருக்கிறது. உயர்தரம் சரிவராதவர்களுக்கு அடிப்படைக் கற்கைநெறிகளும் அங்கே உண்டு, அதை முடித்து மேலே போகலாம். கட்டணம் கட்ட வேண்டும், காலமும் கொஞ்சம் கூடும். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகும் படிக்கலாம். தாய்மார் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பட்டம் எடுத்தாலும் பட்டத்தோடு மட்டும் யாரும் சட்டத்தரணி ஆவதில்லை. சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் தேறி, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிலுநராக இருந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். ஏன் சொல்கிறேன் என்றால், "ஓஎல் மட்டும் போதும், வெளிநாட்டுச் சட்டப் பட்டம்" என்று விளம்பரம் போடுகிற இடங்கள் இருக்கின்றன. காணியை ஈடு வைத்து முதல் தவணைக் காசைக் கட்டுவதற்கு முன்னால், இந்தப் பட்டத்தோடு சட்டக் கல்லூரிக்குப் போகலாமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டோம் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். இணையத்தில் பார்க்கிற வெளிநாட்டு ஆலோசனைகளிலும் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் யூகாஸ் என்ற பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பு ஊடாக விண்ணப்பிக்கிற பிள்ளை தன்னைப் பற்றி எழுதிப் பழைய பெறுபேறு ஏன் குறைந்தது என்று விளக்க இடம் உண்டு. லண்டனில் இருக்கிற மச்சாள் அதைச் சொன்னால் அங்கே அது சரி. இங்கே அப்படி ஒரு பெட்டி படிவத்தில் கிடையாது. இங்கே புள்ளிதான் பேசும், அல்லது நுழைவுப் பரீட்சைதான் பேசும்.

சட்டத்துக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். விடுமுறையில் என் அலுவலகத்துக்கு வந்து உதவி செய்த ஒரு பிள்ளை, பட்டிப்பளைப் பக்கம், விஞ்ஞானத்தில் டபிள்யூ எடுத்தவள். ஒரு வயதான அம்மா காணி அனுமதிப்பத்திரத்தைப் பொலித்தீன் பையில் மடித்துக் கொண்டு வந்தார். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேர்மிட். கணவர் இறந்துவிட்டார், கணவரின் தம்பி வயலுக்குள் இறங்க விடுகிறார் இல்லை. தம்பி பக்கத்தார் சொன்ன கதை, காணி அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது என்று. நான் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை கடதாசியை மேசையில் விரித்து, மடிப்புக் கிழிந்த இடங்களை விரலால் நீவி, ஒவ்வொரு வரியாக வாசித்தாள். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாரின் வயல், தெற்கே ஒதுக்கு நிலம். பிறகு மெல்லக் கேட்டாள், "சேர், பின்னுரித்தாளர் என்ற இடம் வெறுமையா இருக்கு. பெயர் போடாட்டி மனைவிக்கு இல்லையா?" பின்னுரித்தாளர் என்றால் பேர்மிட்காரருக்குப் பிறகு காணியைப் பெறுகிற ஆள். அதுதான் அந்த விவகாரத்தின் முடிச்சே. பின்னுரித்தாளர் பெயர் குறிக்காவிட்டாலும் உயிரோடிருக்கும் மனைவிக்கு அந்தக் காணியில் வாழும்வரை உரிமை உண்டு. தம்பிக்கு அண்ணனின் மனைவியை மீறி ஒன்றும் கிடையாது.

அவளுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் வெறுமையாக இருந்த இடத்தைக் கண்டாள், அது ஏன் வெறுமை என்று கேட்டாள். ஓஎல் விஞ்ஞான வினாத்தாளில் இதற்குப் புள்ளி போடுகிற வினா இல்லை. நெல் வாய்க்காலும் வரம்பும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு எல்லை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் மாவட்டங்களில் பேர்மிட் காணி வழக்கு, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு மரணச் சான்றிதழா காணாமற்போன சான்றிதழா என்கிற தீராத சிக்கல், தாபரிப்பு, காதி நீதிமன்றத்துக்குப் போகிற முஸ்லிம் சகோதரிகளின் கஷ்டம், எல்லாம் மலை போல் கிடக்கிறது. இதை விளங்கிப் பேச ஊர்ப் பிள்ளைகள் வேண்டும். முதல் தரத்தில் தேறிய பிள்ளைகள் மட்டும்தான் வர வேண்டும் என்று கதவைச் சாத்தினால் நட்டம் அந்த வயதான அம்மாவுக்குத்தான்.

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. "நீ சட்டமா? முதலில் கணக்கைப் பாஸ் பண்ணு" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். பிள்ளைக்குப் பத்திரிகை கொடுங்கள், ஆசிரியத் தலையங்கத்தை வாசிக்கச் சொல்லி அதை மறுத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நுழைவுப் பரீட்சைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பெற்றோர்களே, பெறுபேற்றுத் தாளை ஒளித்து வைக்காதீர்கள். இன்னொன்று, இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: சீ ஆக மாற்றித் தருகிறோம் என்று சான்றிதழ் வியாபாரம் செய்கிறவர்கள் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள். உயர் நீதிமன்றம் சட்டத்தரணியாகச் சேர்ப்பது நன்னடத்தை உள்ளவரை. எஸ் எடுத்தவருக்கு அங்கே இடமுண்டு. போலிச் சான்றிதழ் கொடுத்தவருக்கு எந்த வயதிலும் இடமில்லை.

பிள்ளைகளே, பெறுபேற்றுத் தாளின் பிரதி கொண்டு வரச் சொல்லியிருந்தேன். கொண்டு வந்தவர்கள் ஒரு பேனையோடு முன் வரிசைக்கு வாருங்கள். முதலில் ஆங்கிலத்தையும் தமிழையும் வட்டம் போடுங்கள். ஆங்கிலத்தில் எஸ்ஸும் டபிள்யூவும் உள்ளவர்கள் இடது பக்கம் இருங்கள், உங்களோடுதான் எனக்குக் கனக்கக் கதைக்க இருக்கிறது. மண்டூர்ப் பிள்ளைகளை முதலில் பார்த்து அனுப்புகிறேன்.