எக்ஸ்எம்எல்லை ஆர்டிஎஃப் ஆக்கும்போது ஸ்கிரிப்டிடம் விடக்கூடாத வேலை

வணக்கம் நண்பர்களே. திரையில் தெரிவது ஒரு புத்தகப் பட்டியல், எக்ஸ்எம்எல் ஃபைல். புத்தகம் என்று ஒரு டேக், அதற்குள் தலைப்பு, ஆசிரியர், வெளியான தேதி, ஐஎஸ்பிஎன். இதை ஆர்டிஎஃப் ஆக, அதாவது வெளியில் இருக்கும் தரவுகளோடு இணையக்கூடிய தரவாக, தானாக மாற்ற வேண்டும்.

கருவிகளுக்குக் குறையே இல்லை. எக்ஸ்எம்எல்லை வேறு வடிவங்களுக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 1999-இலிருந்து இருக்கிறது. ஆவணமே தன்னை மாற்றும் ஸ்கிரிப்டைச் சுட்டிக்காட்டட்டும் என்று கிரிடில் என்ற தரத்தை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2007-இல் கொண்டுவந்தது. இப்போது நான் எடுப்பது ஆர்எம்எல்: 2012-இல் ரிலேஷனல் டேட்டாபேஸ்களுக்காக வந்த ஆர்2ஆர்எம்எல்லை எக்ஸ்எம்எல், ஜேசன், சிஎஸ்வி வரைக்கும் நீட்டியது. எந்த டேக்கைப் படிக்க வேண்டும் என்று எக்ஸ்பாத்தில், அதாவது எக்ஸ்எம்எல்லுக்குள் ஒரு இடத்தைச் சுட்டும் மொழியில் சொல்லி, அது எதுவாக மாற வேண்டும் என்ற விதிகளையும் ஒரு மேப்பிங் ஃபைலில் எழுதினால், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

டேக் பெயரையே ஆர்டிஎஃப் பண்பின் பெயராக, அதாவது புத்தகத்தையும் அதன் விவரத்தையும் இணைக்கும் சொல்லாக வைத்து ஓட்டினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் வெளியே வருவதைப் பாருங்கள், ஆசிரியர் பெயர் வெறும் எழுத்துகளாக நிற்கிறது. ஆர்டிஎஃபில் ஒவ்வொரு கூற்றுக்கும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று மூன்று பகுதிகள், அதில் வெறும் எழுத்துச்சரம் எழுவாயாக வரவே முடியாது, ஆகவே அந்த ஆசிரியரைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்ல வழியில்லாமல் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. அவருக்கென்று ஒரு யூஆர்ஐ, அதாவது அவரை மட்டும் குறிக்கும் இணைய முகவரி போன்ற ஒரு அடையாளம் வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் ஒருமுறை நன்றாக அடிவாங்கினேன். புத்தகத்துக்கும் ஆசிரியருக்கும் ஃபைலில் எத்தனையாவதாக வருகிறார்களோ அந்த எண்ணையே யூஆர்ஐயில் போட்டுவிட்டேன், அழகாக ஓடியது. ஒரு மாதம் கழித்துப் பட்டியலின் நடுவில் யாரோ ஒரு புத்தகத்தைச் சேர்த்தார்கள், மறுபடி ஓட்டினேன், அதற்குக் கீழே இருந்த எல்லாமே ஒரு எண் தள்ளிப்போய்விட்டது. அதற்குள் வேறு இரண்டு தரவுத்தொகுப்புகளிலிருந்து என் பழைய யூஆர்ஐகளுக்கு இணைப்பு கொடுத்திருந்தேன், அத்தனையும் தப்பான ஆளைக் காட்டின. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை, அதுதான் பயங்கரம்.

அதனால் இப்போது புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன்னிலிருந்து யூஆர்ஐ. ஆசிரியருக்கு, முன்னெழுத்து முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில், புள்ளியே இல்லாமல் இன்னொரு இடத்தில் என்று ஒரே பெயர் மூன்று விதமாக இருக்கிறது, ஆகவே நானே உட்கார்ந்து ஒரு சிறிய அட்டவணை போட்டு, உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும், விக்கிடேட்டா என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் அவர்களுக்கு இருக்கும் எண்ணை எழுதுகிறேன். இரண்டு யூஆர்ஐகளுக்கு இடையில் சேம்-அஸ் என்று ஒரு இணைப்பு போட்டால் இருவரும் ஒரே ஆள், ஒருவரைப் பற்றிய எல்லாம் மற்றவருக்கும் பொருந்தும் என்று அர்த்தம், பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக அதை ஸ்கிரிப்டிடம் விடவே மாட்டேன்.

அப்புறம் தேதி. இதோ, 03-04-2012. மார்ச்சா, ஏப்ரலா? தேதி வகைக்கு 2012-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதும் வடிவம்தான் செல்லும், மூலத்தில் எது முன்னால் என்று தெரியாவிட்டால் அதை வெறும் எழுத்தாகவே விட்டுவிட்டு ஒரு தனி ஃபைலில் குறித்துவைக்கிறேன். தலைப்புக்கு, நூல் போன்றவற்றை விவரிக்கப் பலரும் பயன்படுத்தும் பொதுச் சொற்தொகுதியான டப்ளின் கோரில் இருக்கும் பண்பே போதும், புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டாம்.

சரி, மேப்பிங் ஃபைலைத் திறக்கிறேன், முதல் விதி புத்தகத்தின் யூஆர்ஐ, அதிலிருந்து எழுதலாம்.