செல்லாத நோட்டும் ஒரு பாட்டு கேசட்டும்: பர்மா, 1987 – 88

(திரையில்: ஒரு பண நோட்டு, நெருக்கத்தில்)

இந்த நோட்டை நல்லா பாருங்க. மூலையில போட்டிருக்கிறது 90. அச்சுப்பிழை கிடையாது, தொண்ணூறு கியாட் நோட்டுதான். பர்மாவோட பணம். இதுக்கு ஒரு தம்பியும் உண்டு: 45 கியாட்.

1987 கடைசியில ரங்கூன்ல நீங்க டீக்கடை வெச்சிருக்கீங்கன்னு வைங்க. நாலு பேர் வந்து டீ, பலகாரம் சாப்பிட்டுட்டு 20 கியாட் கணக்குக்கு இந்த 90-ஐ நீட்டுறாங்க. மீதி 70. எப்படிக் கொடுப்பீங்க? ஒரு 45, ஒரு 15, ஒரு 10. ஆமா, 15 கியாட் நோட்டும் இருந்துச்சு. கல்லாப்பெட்டியில உட்கார்ந்தவனுக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு தலைகீழா தெரிஞ்சிருக்கணும்.

ஏன் இப்படி ஒரு நோட்டு? அதுல ஆரம்பிச்சு, சரியா ஒரு வருஷமும் 13 நாளும் அந்த நாட்ல என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம்.

(திரையில்: தேதி – 5 செப்டம்பர் 1987)

நாலு நாள் முன்னாடிதான் ஒரு நல்ல சேதி வந்திருந்துச்சு. பல வருஷமா நெல்லை அரசாங்கம் சொன்ன விலைக்கு அரசாங்கத்துக்குத்தான் விக்கணும்னு இருந்தது. செப்டம்பர் 1-ஆம் தேதி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க. வியாபாரிங்க கையில காசோட கிளம்புற நேரம். 5-ஆம் தேதி ரேடியோவுல அறிவிப்பு: 25, 35, 75 கியாட் நோட்டு இனி செல்லாது.

நமக்கு 2016 நவம்பர் ஞாபகம் வரும். ஆனா நாம பேங்க் வாசல்ல கால் கடுக்க நின்னாவது மாத்தினோம். அங்க நிக்கிறதுக்கு வரிசையே இல்லை. மாத்தித் தர மாட்டோம், அவ்வளவுதான். புழக்கத்துல இருந்த பணத்துல பாதிக்கு மேல ஒரே நாள்ல வெறும் காகிதம். பரீட்சை நேரம், ஹாஸ்டல் பசங்க கையில இருந்த சாப்பாட்டுக் காசும் போச்சு. ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் அன்னைக்கே தெருவுல இறங்கி ட்ராஃபிக் சிக்னலை உடைச்சாங்க. அரசாங்கம் கல்லூரிகளை மூடி எல்லாரையும் ஊருக்கு அனுப்பிடுச்சு. அது எவ்வளவு பெரிய தப்புன்னு அப்ப அவங்களுக்குத் தெரியலை. பசங்க கோபத்தையும் சேர்த்து ஊர் ஊரா எடுத்துட்டுப் போனாங்க.

பர்மாவுக்கு இது முதல் தடவையும் இல்லை. 1985-ல ஒரு தடவை. அதுக்கும் முன்னாடி 1964-ல, 50, 100 கியாட் நோட்டுகளை ஒழிச்சாங்க. கடைகளை அரசு எடுத்துக்கிட்டதும் அந்தக் காலத்துலதான். லட்சக்கணக்கான இந்தியர்கள், அதுல ஏகப்பட்ட தமிழர்கள், வெறும் கையோட கப்பல் ஏறி மெட்ராஸ் துறைமுகத்துல வந்து இறங்கினாங்க. சென்னையில பர்மா பஜார்னு ஒரு இடம் இருக்கிறதே அதனாலதான்.

இதையெல்லாம் செஞ்சவர் ஜெனரல் நே வின். 1962 மார்ச் 2-ல ராணுவத்தை வெச்சு ஆட்சியைப் பிடிச்சவர். அவருக்கு ராசியான எண் 9, அதனாலதான் செல்லாமப் போன நோட்டுகளுக்கு அப்புறம் 45-உம் 90-உம் வந்துச்சு, ரெண்டும் 9-ஆல வகுபடும்னு ஊர் முழுக்கப் பேச்சு. ஜோசியக் கதை கேக்க சுவாரசியமாத்தான் இருக்கும். ஆனா அதையே பேசிட்டிருந்தா விஷயம் நழுவிடும். உலகப் போருக்கு முன்னாடி உலகத்துலயே அதிகமா அரிசி ஏத்துமதி பண்ணின நாடு இது. அதே நாட்டை 1987 டிசம்பர்ல ஐ.நா. சபை உலகத்தோட மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியல்ல சேர்த்துச்சு. பட்டியல்ல சேரணும்னு கேட்டதும் பர்மா அரசாங்கமே. சேர்ந்தா கடன்ல சலுகை கிடைக்கும்.

எனக்கு ஜோசியத்தை விட, அந்த நோட்டுல இருக்கிற முகங்கள்தான் சுவாரசியம்.

(திரையில்: 90 நோட்டின் முகம், பிறகு 45 நோட்டின் முகம்)

90-ல இருக்கிறவர் சாயா சான். 1930-ல வெள்ளைக்காரனுக்கு எதிரா விவசாயிகளைத் திரட்டினவர். அடுத்த வருஷம் தூக்குல போட்டாங்க. 45-ல இருக்கிறவர் போ ஹ்லா ஜீ. 1938-ல எண்ணெய்க் கிணத்துத் தொழிலாளர்களோட வேலைநிறுத்தத்தை நடத்தி, அவங்களை ரங்கூன் வரைக்கும் நடக்க வெச்சவர். ஜனங்க காசைப் பிடுங்கிட்டு, பதிலுக்கு ரெண்டு கலகக்காரங்க படத்தைக் கையில கொடுத்திருக்கு அரசாங்கம்.

1938-லேர்ந்து 50 வருஷம் கூட்டிப் பாருங்க.

(திரையில்: டீக்கடை, மர முக்காலிகள், ஒரு டேப் ரெக்கார்டர்)

1988 மார்ச் 12, சனிக்கிழமை. தொழில்நுட்பக் கல்லூரி பக்கத்துல சண்டா வின்னு ஒரு டீக்கடை. மாணவர்கள் ஒரு கேசட்டைக் கொண்டு வந்து, இதைப் போடுங்கன்னு கேட்டாங்க. கடையில குடிச்சிட்டு உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பசங்க ஒத்துக்கலை. வாய்த்தகராறு கைகலப்பாச்சு, ஒரு மாணவருக்கு அடி. எந்த ஊர் டீக்கடையிலயும் நடக்கிற சண்டைதான். அடிச்சவனைப் போலீஸ் பிடிச்சுது. அவனோட அப்பா உள்ளூர் மக்கள் கவுன்சில்ல முக்கியமான ஆள், அதனால மறுநாளே வெளிய விட்டுட்டாங்க.

மாணவர்கள் கேள்வி கேட்கப் போனாங்க. 13-ஆம் தேதி ராத்திரி கலவரத் தடுப்புப் போலீஸ் கல்லூரிக்குள்ள சுட்டதுல போன் மோங்கிற மாணவர் செத்துப்போனார். மார்ச் 16-ல இன்யா ஏரிக்கரையில ஊர்வலம். முன்னாடி படை, பின்னாடியும் படை, ஒரு பக்கம் தண்ணி. அடிபட்டு விழுந்தவங்க, ஏரியில மூழ்கினவங்க எத்தனை பேர்ங்கிற கணக்கு இன்னைக்கும் தகராறுலதான் இருக்கு. அந்த இடத்துக்கு அதுவரைக்கும் வெள்ளைப் பாலம்னு பேரு. அதுக்கப்புறம் ஜனங்க சிவப்புப் பாலம்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க.

ரெண்டு நாள் கழிச்சு, கைதானவங்களை ஒரு போலீஸ் வேன்ல அடைச்சு இன்செயின் ஜெயிலுக்குக் கொண்டு போனாங்க. வழியில 41 பேர் மூச்சுத் திணறிச் செத்தாங்க. அரசாங்கம் இதை ஒத்துக்கிட்டது ஜூலையில. நாலு மாசம்!

(திரையில்: கட்சி மாநாட்டு மேடை – ஜூலை 23)

ஜூலை 23-ஆம் தேதி யாரும் எதிர்பார்க்காத ஒண்ணு நடந்துச்சு. ஆளுங்கட்சி மாநாட்டுல நே வின் எழுந்து, நான் விலகுறேன், பல கட்சி முறை வேணுமான்னு ஜனங்க கிட்ட வாக்கெடுப்பு வைங்கன்னார். ஜனங்க சந்தோஷப்படுறதுக்குள்ள அதே பேச்சுல இன்னொண்ணும் சொன்னார்: ராணுவம் சுட்டா வானத்தைப் பார்த்துச் சுடாது, ஆளைப் பார்த்துத்தான் சுடும்னு. கட்சி வாக்கெடுப்பை நிராகரிச்சிட்டு, செயின் ல்வினைத் தலைவராக்குச்சு. மார்ச்ல கலவரப் போலீஸை ஏவினவர்னு ஊரே சொன்ன ஆள். கசாப்புக்காரர்னுதான் அவருக்குப் பேரு.

பிபிசி ரேடியோவுல ஒரு மாணவரோட பேட்டி வந்துச்சு. 8-ஆம் மாசம் 8-ஆம் தேதி, நாடு முழுக்க வேலைநிறுத்தம். வருஷம் 88. ஆட்சியாளருக்கு 9-ன்னா, எங்களுக்கு நாலு எட்டு.

அன்னைக்குக் காலையில 8 மணி 8 நிமிஷத்துக்கு ரங்கூன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுட்டு வெளிய வந்தாங்க. பின்னாலயே மாணவர்கள், பிக்குகள், அரசு ஊழியர்கள், குழந்தையைத் தூக்கிட்டு வந்த அம்மாக்கள். பகல் முழுக்கத் திருவிழா மாதிரி இருந்துச்சு. ராத்திரி பதினொன்றரை மணி வாக்குல நகர மண்டபம் பக்கம் லாரிகள் வந்து நின்னுச்சு. அப்புறம் நாலு நாள் துப்பாக்கிச் சத்தம். எதிர்ல நின்னவங்க கையில கல்லு, கத்தி, அதோட ஜிங்கலி: சைக்கிள் கம்பியைக் கூராக்கி கவண்ல வெச்சு அடிக்கிறது. 10-ஆம் தேதி ரங்கூன் பொது மருத்துவமனை வாசல்லயே சுட்டாங்க, நர்ஸுங்க மேல குண்டு பட்டுச்சு. 12-ஆம் தேதி செயின் ல்வின் விலகினார்.

அடுத்து வந்தவர் மாங் மாங். சட்டம் படிச்ச மனுஷன், அப்ப ராணுவத்துல இல்லாதவர். ஆனா நே வினோட வாழ்க்கை வரலாறை எழுதினவரும் இவர்தான், ஜனங்க நம்பலை.

அந்த மருத்துவமனையிலதான் சில மாசம் முன்னாடி பக்கவாதம் வந்த ஒரு அம்மா படுத்திருந்தாங்க. அவங்களைப் பார்த்துக்க ஏப்ரல்ல இங்கிலாந்துலேர்ந்து வந்த மகள் ஆங் சான் சூகி. அப்பா ஆங் சான் பர்மா ராணுவத்தை உருவாக்கினவர். மகளுக்கு 2 வயசு இருக்கும்போது சுட்டுக் கொன்னுட்டாங்க. ஆகஸ்ட் 26, ஷ்வேடகோன் பகோடாவோட மேற்கு வாசல்ல அவங்க பேச வந்தப்ப லட்சக்கணக்குல கூட்டம். இது ரெண்டாவது சுதந்திரப் போராட்டம்னாங்க. பின்னாடி அந்த நாட்டு ரோஹிங்யா முஸ்லிம்கள் விஷயத்துல அவங்க எடுத்த நிலைப்பாடு மேல எனக்குக் கோபம் உண்டு. அது வேற வீடியோ.

அந்த ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் தொடக்கமும் விசித்திரமான நாட்கள். அரசாங்கம் இருக்கு, ஆனா இல்லை. ராணுவம் தெருவை விட்டுப் போயிடுச்சு. புதுசு புதுசா பத்திரிகை. அரசாங்கப் பத்திரிகையே உண்மையை எழுத ஆரம்பிச்சுது. தெருமுனையில மூங்கில் வேலி கட்டி ஏரியாக்காரங்களே ராத்திரிக் காவல். ஜெயில்ல இருந்த ஆயிரக்கணக்கான கைதிங்க வெளிய. தண்ணியில விஷம் கலக்கிறாங்கன்னு வதந்தி கிளம்பி, உளவாளின்னு சந்தேகப்பட்டவங்களைக் கும்பல் தலையை வெட்டின சம்பவமும் நடந்துச்சு. போராட்டத்தைக் கொண்டாடுறவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடுவாங்க. ராணுவம் தாண்டலை, அதையே காரணமாக் காட்டுச்சு.

(திரையில்: 18 செப்டம்பர் 1988)

சாயங்காலம் நாலு மணி. ரேடியோவுல அறிவிப்பு: ஜெனரல் சோ மாங் தலைமையில ராணுவம் ஆட்சியை எடுத்துக்கிச்சு. மறுபடியும் தெருவுல துப்பாக்கி. அந்த வருஷத்துல மொத்தம் 3,000 பேர் செத்தாங்கங்கிறது பரவலாச் சொல்ற கணக்கு. அரசாங்கம் சொன்னது அதுல ஒரு சிறு பங்கு. ஆயிரக்கணக்கான மாணவர்கள் காட்டு வழியா தாய்லாந்து எல்லைக்குப் போனாங்க.

18-ஆம் தேதி. ஒண்ணையும் எட்டையும் கூட்டினா 9. மாசமும் ஒன்பதாவது. ஜோசியத்தை நம்பாத நானே இங்க ஒரு நிமிஷம் நின்னேன்.

அடுத்த வருஷம் அந்த ராணுவம் நாட்டோட பேரை மியான்மர்னு மாத்துச்சு, ரங்கூனை யாங்கோன்னு மாத்துச்சு. 90-ஐயும் 45-ஐயும் தொடலை. சாயா சானும் போ ஹ்லா ஜீயும் கல்லாப்பெட்டியிலயே இருந்தாங்க.