ஆடியில் வாங்கிய சோப்பும் ஐம்பத்திரண்டு ரூபாயும்

வணக்கம் மக்களே. பின்னாடி டங்கு டங்கு என்று சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், மாடி வீட்டில் கொலுப்படியைக் கழற்றுகிறார்கள். இன்றைக்குச் சமையல் வீடியோ போடுவதாகத்தான் இருந்தேன், ஆனால் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை, இதைப் பேசி முடித்தால்தான் அடுப்பைப் பற்ற வைக்கவே கை வரும்.

ஆடியில் நான் போட்ட வீடியோ ஞாபகம் இருக்கிறதா? கட்டில் முழுக்க சோப்பை அடுக்கி வைத்து, "பாருங்கள், ஆறு மாதத்துக்குக் கடைப் பக்கமே போக வேண்டாம்" என்று பெருமையடித்தேனே, அதேதான். நாற்பது சோப்பு. எம்ஆர்பி 40 ரூபாய், ஆடிக் கழிவு போக 38க்கு வாங்கினேன். அப்புறம் என்ன ஆயிற்று? 2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜிஎஸ்டியைக் குறைத்துவிட்டார்கள். சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5. நேற்று கடையில் அதே சோப்பு, அதே எடை, 36 ரூபாய். கழிவும் இல்லை ஆடியும் இல்லை, சும்மா போய் நின்றாலே 36!

வீட்டில் இன்னும் 26 சோப்பு இருக்கிறது. நான் எண்ணவில்லை, எங்கள் வீட்டுக்காரர் எண்ணினார். பரண் மேல் ஏறி, டார்ச் அடித்து எண்ணினார். சோப்புக்கு இரண்டு ரூபாய் வீதம் ஐம்பத்திரண்டு ரூபாய் நஷ்டம் என்று காலண்டர் தாளைக் கிழித்து எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். பதினான்கு வருடத்தில் ஒரு நாள் மளிகை லிஸ்ட் எழுதியது கிடையாது இந்த மனிதர்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் 13 சதவீதம் குறைந்தது, அப்படியானால் நூறு ரூபாய்ப் பொருள் 87 ரூபாய்க்கு வர வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படி வராது. பொருள் 100, வரி 18, ஆக 118 இருந்தது இப்போது 105 ஆகியிருக்கிறது, 118க்குத்தான் 13 குறைகிறது, நூற்றுக்கு என்று பார்த்தால் பதினொன்றுதான் குறையும். 40 ரூபாய் சோப்பு 36 ஆனதும் அதனால்தான். இதைத் தெரிந்துகொண்டு போனதால்தான் நேற்று ஒரு கடையில் ஷாம்புக்குப் பழைய விலையையே பில் போட்டவரிடம் நின்று கேட்க முடிந்தது. "பழைய ஸ்டாக் மேடம், பாட்டிலில் அந்த விலைதானே போட்டிருக்கு" என்றார். பாட்டிலில் என்ன அச்சடித்திருந்தாலும் பில் போடுகிற அன்றைக்கு உள்ள வரிதானே அண்ணே என்றேன். பின்னாடி வரிசையில் நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று சேர்ந்துகொள்ள, அவர் குறைத்துக் கொடுத்துவிட்டார். கடை பெயரைக் கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

சரி, எங்கே விட்டேன்? ஐம்பத்திரண்டு ரூபாய். ஆடியில் நான் சோப்பு மட்டுமா வாங்கினேன்? என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு எவர்சில்வர் குடமும் சருவப்பானையும் எடுத்தேனே, அதை எங்கள் வீட்டுக்காரர் வசதியாக மறந்துவிட்டார். இரண்டும் சேர்ந்து 2,240 ரூபாய், ஆடித் தள்ளுபடி 15 சதவீதம் போக 1,904. பாத்திரத்துக்கும் வரி குறைந்திருக்கிறது, 12 இருந்தது 5 ஆகிவிட்டது, அதையும் நானே ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்குப் போனால் அதே பாத்திரம் 2,100. ஆனால் தள்ளுபடி கிடையாது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எந்தக் கடைக்காரர் பாத்திரத்துக்கு 15 சதவீதம் தருவார்? ஆக எனக்கு 196 ரூபாய் லாபம். சோப்பு நஷ்டம் 52 போனாலும் கையில் 144 நிற்கிறது. இதை எழுதி அவர் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன்.

ஒட்டிவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கும்போது "பெயர் வெட்டியதைச் சொல்லவில்லையே" என்றார்.

ஆமாம் மக்களே, அதை நான் உங்களிடமும் சொல்லவில்லை. கல்யாணம் ஆவணியில் என்று நிச்சயம் ஆகியிருந்தது. நான்தான் எல்லாவற்றையும் முன்னாடியே முடிக்கிற ஆளாயிற்றே, ஆடியிலேயே பாத்திரத்தில் எங்கள் பெயரை வெட்டச் சொன்னேன், பெயரோடு நின்றிருக்கலாம், கல்யாணத் தேதியையும் சேர்த்து வெட்டச் சொல்லிவிட்டேன். குடத்தின் கழுத்துக்குக் கீழே அழகாகப் புள்ளி புள்ளியாக நாள், மாதம், வருடம். பத்து நாளில் மாப்பிள்ளையின் பாட்டி தவறிவிட்டார், கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது. வருடமே மாறிவிட்டது! மறுபடி அந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் மிஷினை வைத்துத் தேய்த்துப் பார்த்தார், தேதி போனது, ஆனால் அந்த இடம் மட்டும் மங்கலாகத் தேமல் மாதிரி நின்றுவிட்டது. அதை மறைக்க மேலேயே ஒரு கொடியும் இரண்டு பூவும் வெட்டிக் கொடுத்தார். பானைக்கும் அதே வைத்தியம். மொத்தம் 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். பூ நன்றாகத்தான் இருக்கிறது, தையில் கொடுக்கும்போது காட்டுகிறேன். ஆனால் 144இல் 150ஐக் கழித்துப் பாருங்கள். மைனஸ் ஆறு. ஃப்ரிட்ஜில் அதற்கும் ஒரு தாள் ஏறிவிட்டது, சிவப்பு மையில்.

ஆறு ரூபாய்க்காக நான் முன்னாடியே வாங்குவதை நிறுத்தப் போவதில்லை. நேற்று மதியம் எங்கள் மதுரையில் விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் போக வேண்டி வந்தது, பாவாடை நாடா வாங்க, நாடா மட்டும்தான். உள்ளே போய் வெளியே வர முக்கால் மணி நேரம். ஒரு குழந்தை செருப்பைத் தொலைத்துவிட்டு அழுகிறது, அதன் அம்மா கையில் நான்கு பை, குனியவும் முடியவில்லை. இந்தக் கூட்டத்தில் எவரால் விலை கேட்டு, துணியைத் தொட்டுப் பார்த்து, பேரம் பேச முடியும்? எடு, கட்டு, பணத்தைக் கொடு, அவ்வளவுதான். என் பையனுக்கு ஆடியிலேயே ஒரு அளவு பெரிதாகச் சட்டை பேண்ட் எடுத்துவிட்டேன். பேண்ட் இப்போதே கணுக்காலுக்கு மேலே நிற்கிறது, அது வேறு விஷயம், மடித்துத் தைத்ததைப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும். ரவிக்கையும் ஆவணியிலேயே தைத்து வந்துவிட்டது. எங்கள் தெரு டெய்லர் அக்கா புரட்டாசி பிறந்ததுமே "தீபாவளிக்கு இனிமேல் வாங்க மாட்டேன்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்.

அய்யோ, கொலு தாம்பூலத்தை விட்டுவிட்டேன் பாருங்கள்! போன வருடம் சரஸ்வதி பூஜை முடிந்த அதே வாரம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன், மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் இருந்த கடைகளெல்லாம் இப்போது அங்கேதானே இருக்கின்றன. மிச்சம் கிடந்த குங்குமச் சிமிழ் மூன்று டஜன், ஒன்று 18 ரூபாய் என்று அள்ளிக்கொண்டு வந்தேன். இந்த வருடம் நவராத்திரிக்கு முதல் நாள் சும்மா விலை கேட்டேன், 25 என்றார்கள். பங்குனியில் கீழமாசி வீதியில் வாங்கிய புளியும் அப்படித்தான். புதுப் புளி வந்து இறங்குகிற நேரம், கொட்டையோடு வாங்கி, எடுத்து, கல் உப்புத் தூவி ஜாடியில் அமுக்கிவிட்டேன், அடுத்த பங்குனி வரைக்கும் கவலையில்லை. இதையெல்லாம் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டால் "ஆடி வீடியோ கணக்கு மட்டும்தான்" என்கிறார். வக்கீலாகப் போயிருக்க வேண்டிய ஆள்.

ஒரு நிமிஷம். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அந்த நாற்பது சோப்போடு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா இலவசமாகக் கொடுத்தார்கள்! மூடி போட்டது, பச்சைக் கலர். சந்தையில் வாங்கினால் பத்து ரூபாய்க்குக் குறையாது. மைனஸ் ஆறோடு பத்தைக் கூட்டினால் நான்கு ரூபாய் லாபம். நான்கு ரூபாய் லாபம் மக்களே! இருங்கள், டப்பாவை எடுத்து வந்து காட்டுகிறேன்.

...

கிடைத்துவிட்டது. அவருடைய டூல்ஸ் பைக்குள் இருந்தது. திருகாணி போட்டு வைத்திருக்கிறார்.