16 போல்ட்டும் ஒரு பழைய கூரையும்

வணக்கம். இன்று செடிகளைப் பற்றிப் பேசப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மாடியில் உரமூட்டைகளை அடுக்கி வைத்திருப்பேனே, அந்தக் கொட்டகைக் கூரையைக் கழற்றிவிட்டேன். உடைக்கவில்லை, கழற்றினேன். அந்த ஒரு சொல்லுக்காக மூன்று நாள் சண்டை.

மேஸ்திரி சுத்தியலோடுதான் மாடியேறினார். "போல்ட் எல்லாம் துருப்பிடித்திருக்கிறது அக்கா, நாலு தட்டுத் தட்டினால் முடிந்தது." இது ஆஸ்பெஸ்டாஸ் ஆயிற்றே என்றேன். "அப்பா காலத்திலிருந்து உடைக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே!"

எனக்கு வந்த எரிச்சல்! ஆஸ்பெஸ்டாஸால் வரும் நோய்க்கு அவசரமே கிடையாது. உடைக்கும்போது பறக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்தான்) இழை கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு போனால் நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைவரை போய்த் தங்கிவிடும். அங்கே மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வர 20 ஆண்டுகளும் ஆகலாம், 50 ஆண்டுகளும் ஆகலாம். அபூர்வமான நோய்தான், ஆனால் பீடி, சிகரெட் தொடாதவருக்கும் வரும். 25 வயதில் உடைத்தவர் 60 வயதில் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போவார், உறைக்குள் நீர் கோத்திருக்கும். கூரை உடைத்த நாள் அவருக்கு நினைவிருக்குமா?

சரி, போல்ட்டுக்கு வருகிறேன். துரு நீக்கும் ஸ்பிரே 280 ரூபாய். இருநூற்று எண்பது! பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை. நான் பேரம் பேசும் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே, அன்று தோற்றேன். இரவே அடித்து ஊறவிட்டேன். காலையில் 16 போல்ட்டில் 14 வெண்ணெய்போலக் கழன்றன! அடம்பிடித்த இரண்டின் தலையை மட்டும் பிளேடால் அறுத்தோம். மேஸ்திரி முகத்தைப் படம் பிடிக்காமல் விட்டேனே!

அடடா, முக்கியமானதைச் சொல்லவில்லை. கழற்றுமுன் ஷீட்டை நன்றாக நனைத்தோம். ஈரமிருந்தால் தூசி அதிகம் பறக்காது. பிறகு விளக்குமாறு எடுக்கவே கூடாது, ஈரத்துணிதான். வேலையின்போது போட்டிருந்த சட்டையை வீட்டுத் துணியோடு துவைக்கவும் கூடாது. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரின் குழு மீசோதீலியோமா வந்த 33 நோயாளிகளைப் பற்றி எழுதியது. எல்லோரும் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில் இறங்கியவர்கள் அல்லர், பக்கத்தில் குடியிருந்தவர்களும் உண்டு. ஐந்து ரூபாய் நீல மாஸ்க்கை நம்பாதீர்கள், இழை அதில் நிற்காது.

ஷீட் வீட்டில் இருப்பவர்கள் பதற வேண்டாம். விரிசல் இல்லாமல் கிடப்பதைச் சும்மா விடுங்கள். அறுப்பதும் துளையிடுவதும்தான் வம்பு. பிரிட்டன் 1999இல் ஆஸ்பெஸ்டாஸை முழுவதும் தடை செய்துவிட்டது. நம் நாட்டில் இறக்குமதி செய்து இன்னும் கூரை போடுகிறோம்.

கழற்றிய ஷீட் எங்கே என்கிறீர்களா? பாலித்தீன் சுற்றி மாடி மூலையில்தான் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, போல்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.